கன்னியம்மா வீட்டுப் பிடியரிசி

“அம்மா, ஒண்ணு கேக்கணும்” என்றார் தணிகாசலம்.

“கேளுங்க ஐயா.”

“இயற்கை அரிசி, இயற்கை அரிசின்னு சொல்றாங்களே. அதுக்கும் மத்த அரிசிக்கும் நெசமாவே வித்தியாசம் உண்டா?”

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கையில் இருந்த கொத்தை உருவி முடித்தார்.

“தெரியலையே” என்றார்.

தணிகாசலத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. அம்மைக்கு நாற்பத்திரண்டு. இருந்தாலும் நெடும்பாக்கத்து மடத்தில் அம்மைதான் குரு. அவர் ‘அம்மா’ என்பார், இவர் ‘ஐயா’ என்பார். அவர் மடத்துக்கு வந்த இந்த எட்டு மாதத்தில் இரண்டு பேருக்குமே அது பழகிவிட்டது.

அதற்கு முன் முப்பத்தொரு வருடம் தணிகாசலம் விதைகளுக்குச் சான்று கொடுக்கும் வேலையில் இருந்தார். விதை மூட்டை தேறினால் அதில் ஒரு சீட்டுக் கட்டுவார். தேறாவிட்டால் கட்ட மாட்டார். நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த வேலையில் அவருக்குப் பிடித்ததே அதுதான்.

“தெரியலைன்னா எப்படி அம்மா? போன வாரம் வந்தவர் அஞ்சு கிலோ இயற்கை அரிசி குடுத்து, சாமிக்கு இதுல மட்டும் படைங்க, மத்ததெல்லாம் வெஷம்னார். மறுநாள் வந்தவர், எல்லாம் ஏமாத்து வேலை, அரிசின்னா அரிசிதான்னு சிரிச்சுட்டுப் போறார். ரெண்டு பேரும் படிச்சவங்க. ரெண்டு பேரும் கார்ல வந்தவங்க.”

“நம்ம மடத்துக்கு நடந்து வர்றவங்கதானே அதிகம். அவங்களைக் கேட்டீங்களா?”

“இல்லை.”

“திங்கக்கிழமை பிடியரிசிக்குப் போறீங்க. வீட்டுக்கு வீடு கேட்டுட்டு வாங்க.”

அந்த மடத்தில் மதியம் யார் வந்தாலும் கஞ்சி உண்டு. அதற்கான அரிசி ஊரிலிருந்து வருகிறது. வீட்டுக்கு ஒரு மண்கலயத்தை மடம் கொடுத்திருக்கிறது. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிட்டுத்தான் அந்த வீட்டுப் பெண்கள் மற்ற அரிசியைக் களைவார்கள். வாரம் ஒருமுறை மடத்திலிருந்து ஆள் போய், கலயங்களை ஒரே பையில் கவிழ்த்துக்கொண்டு வருவார். அறுபது வருடமாக அது ஒரே பைதான்.

கேட்டுட்டு வாங்க என்றுதான் அம்மை சொன்னார்.

தணிகாசலம் இரண்டு பைகளோடு கிளம்பினார்.



ஒரு பையில் பச்சை அட்டை தொங்கியது. ‘இயற்கை’ என்று எழுதியிருந்தார். இன்னொன்றில் வெள்ளை அட்டை. ‘மற்றவை.’ அட்டைகளுக்கு ஓட்டை போட்டு, சணல் கோத்து, முடிச்சு அவிழாதபடி கட்டியிருந்தார். கை அந்த வேலையை மறக்கவில்லை.

முதல் வீட்டில் ஒரு கிழவர் கலயத்தோடு வந்தார்.

“இது ரேஷன் அரிசி சாமி. இதுக்கு எந்தப் பை?”

“மற்றவை.”

“மற்றவைன்னா?”

“மருந்தடிச்சு வெளைஞ்சது.”

“ரேஷன் கடைக்காரர் அப்பிடி ஒண்ணும் சொல்லலையே.”

இரண்டாவது வீட்டில் கடை அரிசி. “கடைக்காரருக்கே தெரியாது. மில்லுக்காரரைக் கேக்கணும். மில்லுக்காரருக்குத் தெரியுமான்னு அவரைத்தான் கேக்கணும்” என்றாள் அந்த வீட்டுப் பெண்.

ஆறாவது வீட்டுக்காரர் இரண்டு அட்டைகளையும் படித்துப் பார்த்தார். “பச்சையிலேயே போடுங்க. பார்க்க நல்லாயிருக்குது” என்றார்.

நாற்பத்துமூன்று வீடுகளில் நான்கு வீட்டு அரிசிதான் பச்சை அட்டைப் பைக்குப் போனது. அந்த நான்கு வீடுகளிலும் சான்றிதழை வாங்கிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையெழுத்து வரைக்கும் படித்துவிட்டுத்தான் தணிகாசலம் கலயத்தைக் கவிழ்த்தார்.

கடைசிக்கு முந்தின வீடு கன்னியம்மாவுடையது.

அவள் வாசலிலேயே காத்திருந்தாள். விஷயம் அதற்குள் தெருவெல்லாம் போய்விட்டது. கலயத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“எங்களுது சொந்த நெல்லு சாமி. ரெண்டு வருஷமா ஒரு சொட்டு மருந்து கெடையாது. யூரியா கெடையாது. சாணியும் தழையுந்தான்.”

“சான்று இருக்கா?”

“எழுதிக் குடுத்திருக்கோம். மூணு வருஷம் முடியணுமாம். மூணாவது இப்பதான் நடக்குது.”

தணிகாசலத்துக்கு அந்த விதி நன்றாகத் தெரியும். மூன்று வருடம் ஆகாத நிலத்தின் விளைச்சல் இன்னும் இயற்கை அல்ல.

வெள்ளை அட்டைப் பையைப் பிரித்தார். கலயத்தை வாங்கி அதில் கவிழ்த்தார்.

கன்னியம்மா அரிசி விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சரி சாமி” என்றாள்.

வீட்டுக்குள்ளிருந்து அவள் புருஷன் ஏழுமலையின் குரல் வந்தது. “பார்த்தியா? மடத்துலயே சொல்லிட்டாங்க.”

தணிகாசலம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். இன்னும் ஒரு வீடு பாக்கி இருந்தது.



மறுநாள் அடுப்பில் இரண்டு பானைகள் ஏறின. ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

சமையல்காரர் பரசுராமன் இரண்டு அகப்பைகளையும் தூக்கிக் காட்டினார்.

“ஒரு சந்தேகம் சாமி. உப்பு ரெண்டு பானைக்கும் ஒண்ணுதானா, இல்லை அதையும் பிரிச்சு வெச்சிருக்கீங்களா?”

“உப்பு ஒண்ணுதான்.”

“தண்ணி?”

“பரசுராமா, கஞ்சியைக் காச்சு.”

மதியம் எண்பது பேர் வந்தார்கள். தணிகாசலம் எதையும் சொல்லாமல் ஒவ்வொருவருக்கும் இரண்டு பானையிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி ஊற்றினார். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். ஒரு லாரி டிரைவர் முதலாவது என்றார். காரணம் கேட்டதற்கு, அப்போதுதான் பசி அதிகமாக இருந்தது என்றார். ஒரு பாட்டி இரண்டையும் கலந்து குடித்துவிட்டு ஊறுகாய் கேட்டாள். மலைக்கோயிலுக்கு நடந்து போகிற நாலு பேர், எது சூடோ அதை ஊற்றச் சொன்னார்கள்.

தணிகாசலமும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் குடித்துப் பார்த்தார். மறுபடியும் குடித்துப் பார்த்தார்.

புதன்கிழமை காலையில் அம்மையிடம் போனார்.

“நாக்குக்கு ஒண்ணும் தெரியலை அம்மா.”

“வயித்துக்கு?”

“அது இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அப்பவும் யாரும் உறுதியாச் சொல்ல முடியாது.”

அம்மை தலையாட்டினார். அவர் பக்கத்தில் தரையில் ஒரு கலயம் இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

கலயம் மடத்துக்குத் திரும்பி வருவது வழக்கமில்லை. குடும்பத்தோடு ஊரை விட்டுப் போகிறவர்கள் மட்டும்தான் கொண்டுவந்து வைப்பார்கள்.

“யார் போறாங்க அம்மா?”

“யாரும் போகலை. விடிஞ்சதும் கன்னியம்மா வந்து வெச்சுட்டுப் போனாங்க.”

“ஏன்?”

“எங்க அரிசி எதுல சேர்த்தின்னு மடத்துலயே சொல்லிட்டாங்க, இனிமே அதுல சேர்ற மாதிரியே வெள்ளாமை பண்ணிக்கிறோம்னு சொன்னாங்க. கோவமாச் சொல்லலை. வெள்ளிக்கிழமை யூரியா போடப்போறாங்களாம். ஏழுமலை பரண்ல இருந்து மருந்து டேங்க்கை எறக்கிட்டாராம்.”

தணிகாசலம் உட்கார்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

“நான் தப்பா ஒண்ணும் பண்ணலை அம்மா. மூணு வருஷம் ஆகணும். விதி அதுதான். அது இன்னும் இயற்கை இல்லை.”

“இல்லைன்னா, மருந்தடிச்சதா?”

“அதுவும் இல்லை.”

“அப்போ அது என்ன?”

“மாறிக்கிட்டு இருக்கற நிலம். விதியிலயே அதுக்குப் பேர் இருக்கு. மாறும் காலம்.”

“நல்ல பேருதானே. அதை ஏன் அவங்ககிட்ட சொல்லலை?”

தணிகாசலம் கவிழ்ந்திருந்த கலயத்தைப் பார்த்தார்.

“நான் ரெண்டு பைதான் கொண்டு போனேன்” என்றார். பிறகு, “மூணாவதா ஒண்ணு தைச்சுடறேன் அம்மா. மஞ்சள் அட்டை போட்டு.”

அம்மை சிரித்துவிட்டார். சிரித்ததற்கு வருத்தப்பட்டவர் போல உடனே அவர் கையைத் தொட்டார்.

“ஐயா, ஒரு மூட்டை விதை முளைக்குமா முளைக்காதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“நூறு விதையை ஈரத்துல வெச்சுப் பார்ப்போம். நெல்லுன்னா பதினாலு நாள்.”

“பதினாலு நாள் வரைக்கும் சீட்டுக் கட்ட மாட்டீங்க.”

“மாட்டோம்.”

“இங்க ரெண்டு நாள்தான் இருக்கு. கிளம்புங்க.”

“போய் என்ன சொல்லட்டும்?”

“சொல்றதெல்லாம் சொல்லியாச்சே. என்ன வேலை இருக்குன்னு கேளுங்க.”



கன்னியம்மாவின் ஒரு ஏக்கர், ஏழுமலையின் அண்ணன் துரைக்கண்ணுவின் நாலு ஏக்கரை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு வரப்பு.

பார்த்தவுடன் தெரிந்தது. துரைக்கண்ணுவின் பயிர் கரும்பச்சையாக அடர்ந்து நின்றது. கன்னியம்மாவின் பயிர் வெளிறி, இடைவெளி விட்டு நின்றது. இடைவெளியெல்லாம் களை. அவள் ஒருத்தியாக நடுவயலில் குனிந்திருந்தாள்.

“என்ன வேலை இருக்கு?” என்று தணிகாசலம் கரையிலிருந்து கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சீட்டு எடுத்துக்கினு வரலையா சாமி? களைக்கு ஒண்ணு, பயிருக்கு ஒண்ணு கட்டிட்டீங்கன்னா எனக்குச் சுலபம்.”

தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

முப்பத்தொரு வருடம் வயல்களைப் பார்த்தவர்தான். ஆனால் எப்போதும் வரப்பில் நின்று பார்த்தவர். அரை மணி நேரத்தில் இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. கன்னியம்மா ஒரு வரிசை முடிக்கும்போது அவர் பத்தடி கூடத் தாண்டவில்லை.

குனிந்தபடியே வித்தியாசத்தைத் தேடினார். இந்த வயலில் தவளை இருந்தது. அந்த வயலிலும் இருந்தது. கொக்கு இரண்டு வயலிலும் நின்றது. மண்ணை அள்ளி மோந்து பார்த்தார். மண் வாசனைதான் வந்தது.

வெயில் ஏறியதும் கரையில் போய் விழுந்தார். ஏழுமலை அங்கே உட்கார்ந்திருந்தான். தண்ணீர்ச் சொம்பை நீட்டினான். நீட்டிய கை லேசாக நடுங்கியது.

“இங்கதான் விழுந்தேன்” என்றான், கேட்காமலே. “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. முதுகுல டேங்க்கோட. வாயில நொரை தள்ளி மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். திரும்பி வந்ததும் இவ சொல்லிட்டா, நம்ம வயல்ல இனிமே மருந்து கெடையாதுன்னு.”

“அப்போ மறுபடியும் ஏன் அந்த டேங்க்கைத் தூக்கணும்?”

ஏழுமலை வயலைப் பார்த்தான். கன்னியம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது.

“காலையில ஆறு மணிக்குக் குனிஞ்சவ சாமி. எனக்கு ரெண்டு நிமிஷம் குனிஞ்சா தலை சுத்துது. ஆள் வெச்சு எடுக்கறதுக்கு இந்தப் பதினேழு மூட்டை எந்த மூலைக்கு? முன்னல்லாம் இருபத்தெட்டு வெளையும். மருந்தடிக்கறது ஒரு மணி நேரம். தலை சுத்தினா எனக்குத்தானே சுத்தும்.”

“கன்னியம்மா என்ன சொல்றாங்க?”

“இத்தினி நாளா வேணாம்னா. திங்கக்கெழமைக்கப்புறம் ஒண்ணும் சொல்லலை.”

தணிகாசலம் சொம்பைக் கீழே வைத்தார்.

உச்சிப்பொழுதுக்கு துரைக்கண்ணுவின் வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கரையேறினார்கள். பதினொரு பேர். துரைக்கண்ணுவின் வரப்பில் ஒரு பெரிய புங்கமரம் இருந்தது. நல்ல அடர்த்தியான நிழல். அவர்கள் அதைத் தாண்டி வந்து கன்னியம்மாவின் கரையில் இருந்த வேலமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அந்த நிழலில் பாதிக்கு மேல் வெயில்தான். ஒருத்தி மரக்கிளையில் புடவையால் தூளி கட்டிக் கைக்குழந்தையைப் போட்டாள். மற்றவர்கள் கன்னியம்மாவின் வாய்க்காலில் கை கழுவிவிட்டு டப்பாக்களைத் திறந்தார்கள்.

நல்ல நிழலை விட்டுவிட்டு இங்கே வந்து வேகிறார்களே, இவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று தணிகாசலம் நினைத்தார்.

வியாழக்கிழமையும் வந்தார். வியாழக்கிழமையும் அப்படியே நினைத்தார்.



வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது அவரால் நிமிர முடியவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே அம்மையிடம் போனார்.

“அம்மா, இன்னைக்கு நீங்க வரணும். நான் சொல்லி அவங்க கேக்கப்போறதில்லை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவாங்க.”

“என்ன சொல்லணும்?”

“வித்தியாசம் இருக்குன்னு சொல்லுங்க.”

“எனக்குத்தான் தெரியாதே.”

“எனக்காகச் சொல்லக் கூடாதா?”

அம்மை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

இருவரும் மெதுவாக நடந்து உச்சிப்பொழுதுக்குப் போய்ச் சேர்ந்தபோது யூரியா மூட்டை கரையில் இருந்தது. பக்கத்தில் கழுவித் துடைத்த மருந்து டேங்க். ஏழுமலை முழுக்கைச் சட்டை போட்டு, துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தான். துரைக்கண்ணு தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். மூட்டை அவர் கொண்டுவந்து கொடுத்தது.

அம்மையைப் பார்த்ததும் துரைக்கண்ணு கும்பிட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க அம்மா. எவனோ ஒருத்தன்னா நான் ஏன் மூட்டை தூக்கிக்கினு வர்றேன்? கூடப் பொறந்தவன். இந்த ஒல்லிப் பயிரைப் பார்த்தா எனக்கு மனசு கேக்கலை. என் வூட்டு அரிசியும்தான் உங்க மடத்துல வேவுது. நல்லாயில்லைன்னு என்னைக்காச்சும் சொல்லியிருக்கீங்களா?”

“இல்லை. நல்லாத்தான் இருக்குது” என்றார் அம்மை. மூட்டைக்குப் பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கன்னியம்மா வயலிலிருந்து ஏறி வந்தாள். காலிலும் கையிலும் சேறு. நேராக தணிகாசலத்தின் முன்னால் நின்றாள்.

“சாமி, நீங்க ஆபீசரா இருந்தவரு. ரெண்டு நாள் என் கூடச் சேத்துல நின்னுட்டீங்க, அதனால கேக்கறேன். எனக்காகப் பொய் சொல்ல வேணாம். என் அரிசிக்கும் மாமா அரிசிக்கும் வித்தியாசம் உண்டா? உண்டுன்னா இன்னொரு வருஷம் இந்த முதுகு ஒடியட்டும். இல்லைன்னா சொல்லிடுங்க.”

அவள் கை யூரியா மூட்டையின் தையல் நூலைப் பிடித்திருந்தது. அந்த நூலில் சரியான முனையை இழுத்தால் போதும். மொத்தத் தையலும் ஒரே இழுப்பில் பிரிந்துவிடும்.

தணிகாசலம் அம்மையைப் பார்த்தார். அம்மை அவரைப் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை போதும். யாரும் அவரைச் சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

“இயற்கை அரிசியையும் மத்த அரிசியையும் தனித்தனியாச் சமைச்சோம்” என்றார் தணிகாசலம். குரல் உள்ளே போய்விட்டது. “நான் நாலு தடவை குடிச்சுப் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலை.”

துரைக்கண்ணு பெருமூச்சு விட்டார். ஏழுமலை டேங்க்கின் பட்டையைச் சரி செய்யக் குனிந்தான்.

கன்னியம்மா தலையை ஆட்டினாள். “உண்மையைச் சொன்னீங்க” என்றாள். நூலின் முனையைத் தேடினாள்.

அப்போதுதான் துரைக்கண்ணு வயலில் இருந்த பெண்கள் கரையேறினார்கள். புங்கமரத்தைத் தாண்டி வரிசையாக வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு வேலமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தைக்காரி அஞ்சலை தூளி கட்டினாள். குழந்தையைப் போட்டுவிட்டு டப்பாவைத் திறந்தாள்.

அம்மை எழுந்து தூளியிடம் போனார்.

“பாப்பா பேரு என்னம்மா?”

“இன்னும் வெக்கலை அம்மா. மூணு மாசந்தான் ஆவுது.”

“மூஞ்சியில வெயில் அடிக்குதே.”

“ஆமாம்மா. இந்த மரத்துல எலையே இல்லை.”

“அந்தப் புங்கமரத்துல கட்டிக் குடுக்கட்டுமா? குளுகுளுன்னு இருக்கும்.”

சொல்லிக்கொண்டே அம்மை முடிச்சில் கை வைத்தார்.

அஞ்சலை டப்பாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். சோற்றுக் கையோடு வந்து தூளியைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்மா.”

“ஏன்? நிழல் நல்லாயில்லையா?”

“நிழல் நல்லாத்தான் இருக்குது.”

“பின்னே?”

அஞ்சலை துரைக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் வயலில்தான் அவளுக்கு வேலை. தலையைக் குனிந்துகொண்டாள்.

“இங்கயே இருக்கட்டும் அம்மா” என்றாள்.

குழந்தை காலை உதைத்தது. தூளி தானாக ஆடியது.

துரைக்கண்ணு திரும்பித் தன் மரத்தையும் அதை ஒட்டி மருந்தடித்து நின்ற பயிரையும் பார்த்தார்.

“அது நான் வெச்ச மரம்” என்றார், யாரிடமும் இல்லாமல்.

கன்னியம்மாவின் விரல்கள் நூலிலேயே நின்றிருந்தன. அவள் அந்தப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். அவர்கள் கை கழுவிய ஈரம் வாய்க்கால் ஓரத்தில் இன்னும் காயாமல் இருந்தது.

“ஏண்டி, எத்தினி நாளா நீங்க இங்க வந்து துன்னுறீங்க?”

“இதென்ன யக்கா கேள்வி. ரெண்டு வருஷமா வர்றோம். நடவுக்கு வந்தாலும் இங்கதான், அறுப்புக்கு வந்தாலும் இங்கதான். நீ பார்த்ததில்லையா?”

“பார்த்தேன். பேசிக்கினு இருக்கலாம்னு வர்றீங்கன்னு நெனைச்சேன்.”

“உன் பேச்சைக் கேக்கவா இந்த வெயில்ல வந்து குந்தறோம்?”

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தியும் சிரித்தாள். தணிகாசலம் சிரிக்கவில்லை. இரண்டு நாளும் இதே இடத்தில் உட்கார்ந்து அவர்களுக்காகப் பரிதாபப்பட்டது அவருக்கு ஞாபகம் வந்து, காது மடல் வரைக்கும் சூடாகிவிட்டது.

கன்னியம்மா நூலை விட்டாள். கையில் இருந்த சேற்றைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“மாமா, மூட்டை உங்க வயலுக்கே ஆவட்டும்.”

துரைக்கண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தார். தூளியைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டார். வண்டியைக் கிளப்பாமல், பாப்பா எழுந்துவிடும் என்று கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனார்.

ஏழுமலை முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“அது சரி. களையை யார் எடுக்கறது? நீ ஒருத்தி எத்தினி நாளைக்குக் குனிவ?”

கன்னியம்மா வயலில் மண்டியிருந்த களையைப் பார்த்தாள்.

கோவிந்தம்மா அந்தப் பெண்களிலேயே மூத்தவள். டப்பாவை வாய்க்காலில் அலசிக்கொண்டிருந்தாள். அலசியபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

“நாலு மணிக்கு அங்க வேலை முடிஞ்சுடுது. வூட்டுக்குப் போயி இன்னா பண்ணப்போறோம்?”

“ஆறு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்குது” என்றாள் இன்னொருத்தி.

“எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டணும். அஞ்சரைக்குக் கெளம்பிடுவேன்” என்றாள் மூன்றாவது ஒருத்தி.

“அந்த அஞ்சரைக்கே கெளம்பு. உன்னை யாரு புடிச்சுக் கட்டி வெச்சாங்க?”

ஏழுமலை டேங்க்கின் மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கன்னியம்மா அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் தோளில் கை வைத்தபடியே நின்றாள்.

தணிகாசலத்துக்கு அம்மையிடம் சொல்ல நிறைய இருந்தது. திரும்பினார்.

“அம்மா...”

அம்மை அங்கே இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கியிருந்தார். முழங்கால் வரை சேறு. ஒரு தூரைப் பிடித்துக்கொண்டு, பிடுங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தார்.

“ஐயா, இங்க வாங்க. இது களையா, பயிரா?”

தணிகாசலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் இருந்து பார்த்தார். அந்தப் பக்கம் இருந்து பார்த்தார்.

“கன்னியம்மாவைத்தான் கேக்கணும் அம்மா” என்றார்.